ஏழு மில்லிமீட்டர் இடம்

கரி அடுப்புக்கு ஃபிரேம் அடிக்க வருகிறவர்கள் எல்லோரும் செல்போனில் ஒரு படத்தோடு வருகிறார்கள். "இதே மாதிரி வேணும்ணே, என்ன ஆகும்?" படத்தில் இருப்பது பெரும்பாலும் பெயின்ட் வாசனை போகாத புது அடுப்பு. தீ மூட்டாத அடுப்பு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். விலை சொல்வதற்கு முன்னால் நான் வேறு சிலவற்றைக் கேட்பேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரியும்? கொட்டாங்குச்சிக் கரியா, கருவேலங் கரியா? கடை மூடும்போது சாம்பலை யார் அள்ளுவார்கள்? கடைசிக் கேள்விக்கு யாரும் சட்டென்று பதில் சொல்ல மாட்டார்கள்.

மொட்டை மாடியில் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழி சுடுகிறவருக்கு 2 மி.மீ. தகடே தாராளம். சாயங்காலம் பற்றவைத்து நள்ளிரவு தாண்டியும் அணையாத கடைக்கு அதையே கொடுத்தால், அடுத்த தீபாவளிக்குள் தகடு அப்பளம் மாதிரி நெளிந்து, மூலையில் வாய் பிளந்து, ஏதாவது ஒரு பட்டறை வாசலில் வந்து நிற்கும். என் வாசலுக்கு அப்படி வந்தவற்றைப் பிரித்துப் பார்த்துத்தான் இந்த வேலையில் பாதியைக் கற்றுக்கொண்டேன். மீதி, அடுப்புக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வந்தது.

திருச்சிக்காரர்களுக்கு வெல்டிங் ஊர்த் தொழில் மாதிரி. 1960களில் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை வந்தது. 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே தொடங்கியது. துவாக்குடி, மாத்தூர், அரியமங்கலம் என்று சுற்றுவட்டாரத்தில் துணைத் தொழிற்கூடங்கள் பெருகின. ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு ஹோல்டரைப் பிடிக்கத் தெரிந்தால் சோற்றுக்குக் கவலையில்லை என்று பேசிக்கொண்ட காலம் அது. எண்பதுகளின் நடுவில் நானும் அப்படி ஒரு கூடத்தில் ஹெல்பராகச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு வயதான ஃபிட்டர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும்.

"ஏண்டா, பாய்லரு தரையில உக்காந்திருக்குன்னா நெனைக்கிறே?"

"ஆமாங்கய்யா."

"இல்ல. மேலேர்ந்து தொங்குது."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். உண்மையைத்தான் சொன்னார். பெரிய அனல்மின் நிலையத்தில் பல மாடி உயரத்துக்கு நிற்கும் கொதிகலன், உச்சியில் இருக்கும் உத்தரங்களிலிருந்து கம்பிகளால் தொங்கிக்கொண்டிருக்கிறது. சூடேறினால் அத்தனை இரும்பும் நீளும். அரை அடிக்கு மேல் கீழே இறங்கும். அதற்காகவே அடியில் இடம் விட்டிருக்கிறார்கள். சுற்றி நிற்கும் சட்டம் சூடாவதில்லை, அதனால் நீளுவதும் இல்லை. தரையில் உட்கார வைத்து நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தால் நீளுகிற இரும்பு எங்கே போகும்? வளையும், இல்லாவிட்டால் கிழியும். "சுமக்கிறது வேற, கட்டிக்கிறது வேற" என்று அவர் முடித்துக்கொண்டார். அந்த வாக்கியத்தின் அருமை கோழிக்கடைகளில்தான் எனக்கு விளங்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் சில வருஷம் சார்ஜாவில் இருந்தேன். பகலில் கைப்பிடி, ஏணி, டேங்க் வேலை. ராத்திரிச் சாப்பாடு பல நாள் தொழிற்பேட்டைப் பக்கத்துக் கபாப் கடைகளில். அங்கே கரிப்பெட்டி நீளமாக, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் இருக்கும். மேலே சல்லடைக் கம்பி எதுவும் கிடையாது. கறி கோத்த கம்பியின் இரு முனையும் பெட்டியின் இரு விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். கறி எதையும் தொடாமல் தணலுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போது குனிந்து ஃபிரேமைப் பார்ப்பது என் வழக்கம். பெட்டியைக் காலோடு வெல்டு பண்ணியிருக்க மாட்டார்கள். கடை மூடியதும் இரண்டு பேர் கைப்பிடியைப் பிடித்துப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போய்ச் சாம்பலைக் கொட்டுவார்கள். சாம்பலுக்காகச் செய்த ஏற்பாடுதான், ஆனால் அந்தப் பெட்டிகளில் எதிலும் மூலை பிளந்து நான் பார்க்கவில்லை.

அங்கேதான் துத்தநாகக் காய்ச்சலையும் கண்ணால் பார்த்தேன். ராமநாதபுரத்துக்காரத் தம்பி ஒருவன், காற்றோட்டம் இல்லாத அறையில் முழுப் பகலும் துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. குழாயை வெல்டு பண்ணினான். வெள்ளை வெளேரென்று புகை கிளம்பும். சாயங்காலம் நன்றாகத்தான் இருந்தான். ராத்திரி பல் கிட்டிப்போகிற குளிர், உடம்பெல்லாம் வலி, வாயில் இரும்புச் சுவை. மறுநாள் மதியத்துக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டான். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். பால் அந்தப் புகையை ஒன்றும் செய்யாது. முலாமை முதலில் தேய்த்து எடுக்க வேண்டும், காற்று போகிற இடத்தில் நின்று செய்ய வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கும் "பழைய தண்ணிக் குழாய் கெடக்குது, அதுலயே பண்ணிக் குடுங்க, காசு மிச்சம்" என்று அடுப்புக்கு ஜி.ஐ. பைப் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. துத்தநாகம் 420 டிகிரியில் உருகும். தணலின் சூடு அதைவிட மிக அதிகம். நெருப்பு படுகிற இடத்திலும் சாப்பாடு படுகிற இடத்திலும் ஜி.ஐ. வைப்பதில்லை. இதில் பேரம் கிடையாது.

ஊர் திரும்பிச் சொந்தப் பட்டறை போட்டபோது வந்ததெல்லாம் கேட், ஜன்னல், மாடிப்படி. ஹோட்டல் வேலை என்றால் பரோட்டாக் கல் ஸ்டாண்டு, தந்தூரி அடுப்புக்கு வெளிக்கூடு. அதற்கப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள் கோழி சுற்றுகிற கேஸ் அடுப்பு வந்தது. அது ரெடிமேடாக வந்து இறங்கிவிடும், நமக்கு அதில் வேலையே இல்லை. பின்னாளில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்து துணைத் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றாக ஆளைக் குறைத்தன. நல்ல கை உள்ள வெல்டர்கள் கேட் அடிக்க வந்தார்கள். கேட் வேலைக்கு விலை விழுந்தது. அந்த நேரத்தில்தான் கேரளா வழியாக அல்ஃபாமும் மந்தியும் நம் ஊருக்கு வந்து சேர்ந்தன. கரியில் சுட்ட கோழி என்று போர்டு வைத்தால் கூட்டம் நிற்கும் என்று தெரிந்ததும், ஆளாளுக்குக் கரி அடுப்பு தேடினார்கள்.

கரூர் பைபாஸ் ரோட்டில் ஒரு கடையிலிருந்து கூப்பிட்டார்கள். நாலு அடி நீளப் பெட்டி, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாலு மூலையிலும் விரல் நுழைகிற அளவுக்குப் பிளவு. ஒரு கால் உள்ளே இழுத்துக்கொண்டு அடுப்பே நொண்டியது. "வெல்டிங் சரியில்ல பாய், இன்னும் தடிமனா அடிச்சு விடுங்க" என்று ஏற்கெனவே இருவரிடம் கொடுத்து அடித்திருக்கிறார் முதலாளி. பிளவுக்கு மேல் வெல்டிங், அந்த வெல்டிங்குக்குப் பக்கத்தில் புதுப் பிளவு.

வெல்டிங்கில் குறையே இல்லை. அடித்தவருடைய கை நல்ல கை. பெட்டியைச் சுற்றி ஆங்கிள் வைத்து, ஆங்கிளோடு பெட்டியை ஒரு இஞ்ச் விடாமல் ஓட்டி வெல்டு பண்ணியிருந்ததுதான் வினை. இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 12 பங்கு நீளும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். நாலு அடிப் பெட்டி 500 டிகிரி சூடேறினால் கணக்கு 7 மி.மீ.யைத் தாண்டுகிறது. அதே நேரத்தில் வெளியே இருக்கும் கால்கள் கை வைத்துப் பார்க்கிற சூட்டில் நிற்கின்றன. அவை அரை மில்லிமீட்டர்கூட அசைவதில்லை. பெட்டி நீளப் பார்க்கிறது, ஃபிரேம் விட மாட்டேன் என்கிறது. தினமும் ராத்திரி இந்த இழுபறி. கரி அணைந்ததும் எதிர்ப்பக்கம் இழுபறி. போதாக்குறைக்கு 600 டிகிரிக்குப் போன இரும்பில் பாதிப் பலம்கூட மிஞ்சாது. தடிமனாக வெல்டு பண்ணப் பண்ணப் பிளவு இடம் மாறுமே தவிர நிற்காது.

கிரைண்டரால் பெட்டியை ஃபிரேமிலிருந்து அறுத்து எடுத்தபோது "டங்" என்று சத்தம் கேட்டது. நொண்டிக்கொண்டிருந்த கால் தானாகவே தரைக்கு வந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். "ஒடைச்சிட்டீங்களா பாய்?" "இல்ல பாய், அவுத்து விட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்யும் அடுப்பெல்லாம் அந்தப் பெரியவர் சொன்ன கொதிகலன்தான். பெட்டியின் மேல் விளிம்பை வெளிப்பக்கம் ஒன்றரை இஞ்ச் மடித்துவிடுவேன். அந்த உதடு ஃபிரேமின் மேல்சுற்று ஆங்கிளில் உட்காரும். பெட்டி உள்ளே தொங்கும். நாலு பக்கமும் 10 மி.மீ. இடைவெளி. அடியில் எதுவும் தாங்காது; நீள வேண்டுமா, நீளட்டும். உதட்டை நேராக ஆங்கிளில் வைத்தால் சூடு ஃபிரேமுக்கு இறங்கிவிடும் என்பதால், சிறு சதுரத் துண்டுகளை ஆங்கிளில் வெல்டு பண்ணி அவற்றின் மேல் உட்கார வைப்பேன். இடைவெளியை மூடக் கயிறு சுற்றுவது உண்டு. முன்பெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கயிறுதான் சுற்றுவார்கள். நாங்களே வெறும் கையால் பிய்த்துச் சுற்றியிருக்கிறோம். அதன் தூசி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது செராமிக் ஃபைபர். ஒரு மூலையில் மட்டும் பின் அடித்துப் பெட்டியை நிலைநிறுத்துவேன், மற்ற மூன்று மூலையிலும் நீள்துளை. பெட்டி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற பக்கமெல்லாம் வளரும்.

பெட்டியின் அடியையும் இரண்டு நீளப் பக்கங்களையும் ஒரே தகட்டில் பிரஸ்ஸில் மடித்து வாங்கிவிடுவேன். நெருப்பு அதிகம் படும் மூலையில் வெல்டிங்கே இல்லை என்றால் பிளக்க என்ன இருக்கிறது? இரண்டு முனைத் தகடுகளை மட்டும் வெல்டு பண்ணினால் போதும். கரி கிடக்கும் அடிக்கம்பிகளையும் இரு முனையிலும் வெல்டு பண்ணுவதில்லை. வெட்டுக் கொடுத்த பட்டையில் சும்மா கிடத்திவிடுவது. வளைந்தால் எடுத்துத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், தேய்ந்தால் ஒரு கம்பியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஃபிரேம் வேலை பார்க்கச் சுலபம். செய்யும்போதுதான் தெரியும். வெல்டிங் ஆறும்போது இரும்பை ஒரு பக்கம் இழுக்கும். ஒரு மூலையை முழுசாக முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போகிற பையன் கடைசி மூலையில் ஆங்கிள் சேராமல் சம்மட்டியைத் தேடுவான். முதலில் எல்லா மூலைக்கும் டேக், அதாவது ஒரு பொட்டு வெல்டிங், மட்டும் போட வேண்டும். பிறகு மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். இரண்டு மில்லி வித்தியாசம் இருந்தாலும் டேக்கை உடைத்துச் சரிசெய்துவிடலாம். முழு வெல்டிங் ஏறிய பிறகு முடியாது. அப்புறம் ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை என்று மாறி மாறி, இடையில் ஆறவிட்டு அடிக்க வேண்டும். 5 மி.மீ. ஆங்கிளுக்கு 3.15 ராடு, 100 ஆம்பியர் பக்கம். பெட்டிக்கு மெல்லிய தகடு என்றால் 2.5 ராடு. கரன்ட் சரியாக இருந்தால் கசடு தானாகச் சுருண்டு கழன்று வரும். சுத்தியலால் கொத்திக்கொண்டே இருக்கிறான் என்றால் கரன்டோ கையோ எங்கோ தப்பு. பட்டறைக்குள் நுழையும்போதே அந்தச் சத்தத்தை வைத்து எனக்குத் தெரிந்துவிடும்.

உயரத்துக்கு நான் புத்தகம் பார்ப்பதில்லை. அடுப்பில் நிற்கப்போகிற மாஸ்டரைப் பட்டறைக்கு வரச் சொல்வேன். செருப்போடு நிற்க வைத்து, முழங்கையிலிருந்து ஒரு சாண் கீழே சுண்ணாம்புக் கோடு. அதுதான் கம்பி வரும் உயரம். ஒரு கடையில் முதலாளி தன் உயரத்துக்கு அளவு கொடுத்துவிட்டார், ஆறடி ஆள். மாஸ்டர் அஸ்ஸாம்காரர், குள்ளம். பலகை போட்டு ஏறி நின்று வேலை பார்த்தார். அப்படி நிற்கிறவர் முகத்துக்கு நேரே புகை வரும். கடைசியில் காலை அறுத்துக் குறைத்துக் கொடுத்தேன். தரையும் மட்டமாக இருக்காது. கழுவும் தண்ணீர் போகச் சமையலறைத் தரை எப்போதும் ஒரு பக்கம் சாய்வு. அதனால் நாலு காலிலும் திருகி ஏற்றி இறக்குகிற போல்ட். சக்கரம் கேட்டால் வார்ப்பிரும்புச் சக்கரம்தான் போடுவேன். நைலான் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு தணல் விழுந்தால் அடுப்பு மூன்று காலில் நிற்கும்.

பெரிய கடை வீதி மாதிரி பழைய இடங்களில் இன்னொரு தொல்லை, வாசல். இரண்டரை அடிக் கதவுக்குள் நாலு அடி அடுப்பைச் சாய்த்துப் படுக்கவைத்து நுழைக்க முடியாது, காலோடு இருந்தால். ஆகவே கால்களும் போல்ட்டில்.

எவர்சில்வர் கேட்கிறவர்கள் இப்போது அதிகம். நாகப்பட்டினம் பக்கம் கடலோர விடுதி ஒன்றில் 304 ரகம் என்று பில் போட்டு வாங்கிய கம்பிச் சல்லடை, ஆறு மாதத்தில் பழுப்பு பழுப்பாகத் துருப்பிடித்துவிட்டது. மேனேஜர் காந்தத்தை வைத்துக் காட்டினார். "ஒட்டலையே சார், ஒரிஜினல்தானே?" காந்தம் 304-லும் ஒட்டாது, 202-லும் ஒட்டாது. 304-இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202-இல் விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். சொட்டு மருந்து மாதிரிச் சின்னப் பாட்டிலில் ஒரு திரவம் விற்கிறது. அதை ஒரு சொட்டு விட்டுப் பேட்டரியைத் தொட வைத்தால் மாங்கனீசு அதிகமுள்ள மலிவு ரகத்தில் சிவப்பாக மாறும். அங்கே சிவந்தது. கடல்காற்று ஒரு பக்கம், மசாலாவின் உப்பும் எலுமிச்சையும் மறு பக்கம். 202 எத்தனை நாள் தாங்கும்? என்னைக் கேட்டால் கறி படுகிற கம்பிக்கு மட்டும் 304 போதும். பெட்டிக்கு அந்தச் செலவு வீண். அதோடு 304 இரும்பைவிட அதிகம் நீளும்: அதே நாலு அடிக்கு, அதே சூட்டுக்கு 10 மி.மீ. தாண்டும். எவர்சில்வரில் பெட்டி கேட்டால் இடைவெளியையும் கூட்டித்தான் விடுவேன்.

பெட்டியைத் தின்பது நெருப்பைவிடச் சாம்பல் அதிகம். தினம் எரிகிற அடுப்பில் தகடு கருகிப் போவதைவிட, எரியாத நேரத்தில் துருப்பிடித்துப் போவதுதான் என்னிடம் பழுதுக்கு வந்தவற்றில் பெரும்பங்கு. சாம்பலும் அதில் சொட்டிய மசாலாவும் ராத்திரி ஈரத்தை இழுத்துச் சேறாகி, அடித்தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றித் தணலை அணைக்கிற கடையில் கேட்கவே வேண்டாம். மேலே பார்த்தால் முழுப் பெட்டி, அடியில் விரலால் குத்தினால் ஓட்டை. அதனால்தான் சாம்பல் தட்டு இழுப்பறை மாதிரி வெளியே வருவதாகச் செய்வேன். உள்பக்கம் பெயின்ட் அடிப்பதில்லை. எண்ணெய் தடவி எரிய விடுவதுதான்.

இரும்பு வாங்குவதிலும் பாடம் உண்டு. 40-க்கு 40, 5 மி.மீ. ஆங்கிள் என்றால் மீட்டருக்கு 3 கிலோ. 6 மீட்டர் நீளம் 18 கிலோ இருக்க வேண்டும். பழைய இரும்பை உருட்டி வரும் சரக்கில் 15 கிலோதான் இருக்கும். டேப் வைத்தால் 40 காட்டும்; கனத்தில்தான் திருட்டு. தராசு இல்லாத கடையில் நான் ஆங்கிள் வாங்குவதில்லை. சில பேர் "கிலோவுக்கு என்ன ரேட்" என்று கேட்டு அடுப்பையும் கேட் கணக்கில் பேசுவார்கள். நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், எட்டு இஞ்ச் ஆழமுள்ள பெட்டி 5 மி.மீ. தகட்டில் சுமார் 47 கிலோ வரும், 2 மி.மீ. தகட்டில் 19 கிலோ. கிலோக் கணக்கில் பேசினால் கனத்தைக் கூட்டுகிறவன் ஏமாற்றுக்காரன் மாதிரித் தெரியும், குறைக்கிறவன் நல்லவனாகிவிடுவான். அதனால் அடுப்புக்கு மொத்த விலைதான் சொல்வேன். 2021-இல் இரும்பு விலை ஏறிய ஏற்றத்தில், அட்வான்ஸ் வாங்கிய பழைய விலைக்குச் செய்து கொடுத்துக் கையைக் கடித்துக்கொண்ட பட்டறைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதிலிருந்து எல்லோருடைய கொட்டேஷனிலும் 'விலை ஒரு வாரத்துக்கு மட்டும்' என்ற வரி ஏறிவிட்டது.

மிஷின் மாறியதுதான் பெரிய மாற்றம். நான் பழகியது எண்ணெய் ஊற்றிய டிரான்ஸ்ஃபார்மர் செட். நாலு பேர் சேர்ந்துதான் நகர்த்துவோம். ராடு பற்றும்போது பக்கத்து வீட்டு பல்பு மங்கும், சண்டை வரும். 2012 மின்வெட்டில் சென்னைக்கு வெளியே நாளின் பாதிக்கு மேல் கரன்ட் இல்லை. எப்போது வரும் என்று தெரியாமல் பட்டறையிலேயே பாய் விரித்துப் படுத்து, ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரிந்தால் எழுந்து வெல்டு பண்ணுவோம். அந்த வருஷம்தான் நான் இன்வெர்ட்டர் மிஷினுக்கு மாறினேன். தோளில் மாட்டிக்கொண்டு மாடி ஏறலாம், சின்ன ஜெனரேட்டரில் ஓடும். ஹோட்டல் சமையலறைக்குள்ளேயே போய் வேலை செய்ய முடிந்தது அதனால்தான்.

லேசர் கட்டிங் வந்த பிறகு தகட்டில் காற்றுத்துளை, கடைப் பெயர், மீன் படம் எல்லாம் நொடியில் விழுகிறது. டிராயிங்கைச் செல்போனில் அனுப்பினால் வெட்டி மடித்து வந்துவிடும். எனக்கு இதில் வருத்தமில்லை. கட்டிங் வீல் தூசியை இத்தனை வருஷம் விழுங்கியது போதும். பட்டறையில் இப்போது இரண்டு பிகார் பையன்கள். ஒருவனுக்கு மிக் வெல்டிங் நன்றாக வரும், வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டான். ஆனால் இடைவெளியை எங்கே விட வேண்டும் என்பது டிராயிங்கில் இருந்தாலும் அவனுக்கு உறுத்துகிறது. ஓட்டையைக் கண்டால் அடைக்கத் தோன்றுவது வெல்டர் புத்தி. நான் டீக்குடிக்கப் போய் வருவதற்குள் நீள்துளையை அழகாக வெல்டு பண்ணி, தேய்த்துப் பாலிஷும் போட்டு வைத்திருப்பான்.

முடியாது என்று நான் திருப்பி அனுப்பும் வேலை ஒன்றே ஒன்றுதான். ஏ.சி. ஹாலுக்குள் மேஜைக்கு மேஜை கரி அடுப்பு, மேலே உறிஞ்சும் புகைக்கூண்டு இல்லாமல். "பொகையே வராத கரி சார், கொட்டாங்குச்சி" என்பார்கள். புகை தெரியாததுதான் ஆபத்து. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி என்று எழுந்திருக்கப் போனவர் அப்படியே விழுவார். புகைக்கூண்டும், வெளிக்காற்று உள்ளே வர வழியும் இருந்தால் செய்து தருவேன். கூண்டின் ஃபிரேமை அடுப்பு ஃபிரேமில் நிறுத்தக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்த நிபந்தனை. இரண்டுக்கும் தனித்தனிக் கால். அடுப்பை ஒருநாள் நகர்த்துவார்கள், கூண்டு தலையில் விழும்.

செய்து முடித்த அடுப்பில் முதல் தீ என் பட்டறையிலேயே எரியும். கடைக்காரரும் மாஸ்டரும் வந்தாக வேண்டும். காலிப் பெட்டியில் கரி நிறையக் கொட்டி இரண்டு மணி நேரம். தகட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெயெல்லாம் எரிந்து நாறும். போல்ட்டுகளை ஆறிய பிறகு மறுபடி முடுக்கி, ஃபிரேமுக்குப் பெயின்ட் அதற்கப்புறம்தான்.

தீ மூட்டுவதற்கு முன்னால் கடைக்காரர் பெட்டியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவார். ஆட்டாத ஆளே கிடையாது. பெட்டி கடகடவென்று ஆடும். முகம் சுருங்கும்.

"இவ்ளோ காசு குடுத்தும் லூசா இருக்கே பாய்? ஒரு டேக் அடிச்சு விட்ருங்களேன்."

"எரியட்டும் பாய், பொறுங்க."

ஒரு மணி நேரம் கழித்து 10 மி.மீ. கம்பித்துண்டு ஒன்றை அவர் கையில் கொடுத்து, பின் அடித்த மூலைக்கு எதிர்ப்பக்க இடைவெளியில் நுழைக்கச் சொல்வேன். குளிர்ந்திருந்தபோது வழுக்கிக்கொண்டு போன கம்பி இப்போது போகாது. அடுத்து 6 மி.மீ. கம்பி, அதுவும் போகாது. கடைசியில் வெல்டிங் ராடு ஒன்று, 2.5, உரசிக்கொண்டு நுழையும். பெரும்பாலானவர்கள் அத்தோடு டேக் பேச்சை விட்டுவிடுவார்கள். போன மாதம் ஒருவர் மட்டும், கம்பியைத் திருப்பித் தரும்போது, "அப்ப இன்னும் கொஞ்சம் பெரிய கேப்பா விட்ருக்கலாமே பாய்?" என்றார். கணக்குப் போட்டுத்தான் விட்டிருக்கிறேன் என்றேன். இருந்தாலும் அடுத்த டிராயிங்கில் 12 என்று மாற்றிப் போட்டிருக்கிறேன். அவர் கடையில் கரி அள்ளிப்போடுகிற மாஸ்டரின் கை கொஞ்சம் தாராளம்.